மீதி எங்கே போயிற்று?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு கடற்கரைப் பக்கம் தொடங்கிப் பினாங்குச் சாலையில் சென்று முடிகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகரைச் சூலியர் என்று அந்நாளில் அழைத்தனர். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றத்தைத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்கள் இங்கு நிலைகொண்டனர். தெருவும் அவர்கள் பெயரைத் தாங்கியது. கிங் தெரு வந்து கூடும் முனையில் நாகூர் ஆண்டவரின் பெயரால் அமைந்த சிறு தர்கா நிற்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கோசை இன்றும் இத்தெருவின் ஓட்டுக் கூரைகளின் மேல் மிதந்து வருகிறது.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. 2008இல் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பாரம்பரியம் காக்கப்பட்டது, அதில் குடியிருந்தவர்கள்தாம் பலர் வெளியேறிவிட்டனர். மாடியறைகள் பயணிகளின் விடுதிகளாயின. எஞ்சியிருக்கும் சில குடும்பங்களுள் ஒன்று, ஒரு கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் வாழ்கிறது. தந்தை நகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். மூத்த மகள் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப் படிப்பு மாணவி. அக்குடும்பத்தில் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்த முதல் ஆள் அவளே.

முதலாண்டுத் தேர்வு முடிவு வந்த வாரம் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். உடலியங்கியலில் தோல்வி. மறுதேர்வு ஆறு வாரத்தில். அதிலும் தவறினால் ஆண்டு முழுவதையும் மீண்டும் படிக்க வேண்டும். கல்விக் கடன் தொடருமா என்பது அதன் பின்னர் எழும் கேள்வி. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே அவளுக்குப் பொறுக்கமுடியாததாக இருந்தது.

அவள் சோம்பேறி அல்லள். அதுதான் இதில் கவனிக்கத்தக்கது. சிறுநீரகத்தைப் பற்றிய பாடத்தை ஐந்து முறை எழுதிப் பார்த்திருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மையால் கோடிட்டிருந்தாள். கோடிடப்படாத வரிகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவு இரண்டு மணிவரை விளக்கெரிந்தது. தேர்வுக் கூடத்தில், நீரிழந்து மயங்கிய ஒரு நோயாளியின் சிறுநீர் ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தார்கள். அவள் சிறுநீரகத்தின் அமைப்பை முழுவதும் பிழையின்றி எழுதி வைத்துவிட்டு வந்தாள். கேட்ட கேள்விக்கு விடை மட்டும் அதில் இல்லை.

மனனம் செய்வதை இழித்துரைப்பது இக்காலத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. அது நன்றி மறந்த பேச்சு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு குறளையும் வாய்ப்பாட்டையும் மனத்தில் பதித்த பிள்ளைக்கு ஒரு பெருஞ்செல்வம் கிடைத்திருக்கிறது. உடலில் உள்ள 206 எலும்புகளின் பெயர்களையும், மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளின் வரிசையையும் மனனம் இன்றி எவரும் அறிந்துவிட முடியாது. குறை மனனத்தில் இல்லை. மனனத்தோடு படிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் இருக்கிறது.

மற்றொரு சுமையும் அவள் தோளில் இருந்தது. ஆரம்பப் பள்ளி தமிழில். இடைநிலைப் பள்ளி மலாயில். பல்கலைக்கழக நூல்கள் ஆங்கிலத்தில். 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலையும் கணிதத்தையும் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் கற்பித்தனர். பிறகு 2012 முதல் அதனைப் படிப்படியாகக் கைவிட்டனர். கொள்கைகள் இவ்வாறு வந்து போக, ஒரே சிறுநீரகம் அவள் மனத்தில் மூன்று உறுப்புகளாக மூன்று அறைகளில் கிடந்தது. தமிழில் அது சிறுநீரகம். மலாயில் ‘புவா பிங்காங்’, அதாவது இடுப்புக் காய். ஆங்கில நூலிலோ கிரேக்கமும் இலத்தீனுமாகப் பல பெயர்கள். அறைக்கு அறை கதவு இல்லை.

அடுத்த கட்டடத்தின் மாடியில் ஒரு பெரியவர் தனியே வாழ்கிறார். 1960களில் பயிற்சி பெற்று, கெடா மாநிலத் தோட்டங்களில் டிரெசராகப் பணியைத் தொடங்கிப் பிறகு அரசாங்க மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்நாள் ரப்பர்த் தோட்டத்தில் டிரெசர் என்பவர் யார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். மருத்துவர் எப்போதோ ஒரு முறை வருவார். மற்ற நாள்களில் பிரசவமும் பாம்புக்கடியும் மலேரியாக் காய்ச்சலும் பால்வெட்டும் கத்தி பட்ட கையும் அவரிடமே வந்தன. அறிந்ததைப் பயன்படுத்தத் தெரியாதவர் அங்கே ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

தந்தை அவரிடம் போய், “ஐயா, பிள்ளைக்கு நீங்கள் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்” என்று கேட்டார். பெரியவர் சிரித்தார். “அவள் படிக்கிற புத்தகத்தில் பாதி எனக்கே விளங்காது. சொல்லிக் கொடுக்க மாட்டேன். வேண்டுமானால் கேள்வி கேட்கிறேன்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் புத்தகத்தோடு மாடியேறினாள். பெரியவர் அதை வாங்கி மூடி, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, சிறுநீரகத்தைப் பற்றி அறிந்ததை வரையச் சொன்னார். எழுத அல்ல, வரைய. கால் மணி நேரத்தில் ஓர் அவரை விதையும் இரண்டு குழாய்களும் வந்தன. ஐந்து முறை எழுதிய பாடத்தில் அவ்வளவே எஞ்சியிருந்தது. அவள் கண் கலங்கியது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் அதில் வடிகட்டப்படுகிறது?”

“ஏறத்தாழ நூற்றெண்பது லிட்டர், தாத்தா.” அது மனப்பாடமாக வந்தது.

“சிறுநீராக வெளியே வருவது?”

“ஒன்றரை லிட்டர்.”

“மீதி எங்கே போயிற்று?”

அவள் விழித்தாள். இரண்டு எண்களையும் பல முறை எழுதியவள்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு கேள்வி இருக்கிறது என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை. நூற்றெழுபத்தெட்டு லிட்டருக்கு மேல் நீர் இரத்தத்துக்கே திரும்புகிறது என்றால், அதைத் திருப்பி அனுப்புவது எது? எந்த இடத்தில்? உடலில் நீர் குறைந்தால் அந்த வேலை மிகுமா, குறையுமா? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் உள்ள ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்குழல்களின் வளைவும் நெளிவும் எதற்காக என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு கதையாகத் தெரிந்தது. தேர்வில் கேட்ட கேள்வியும் இதுவே என்று அவள் உணர்ந்தபோது, கீழே தெருவில் கடைகளின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

பெரியவர் செய்ததற்கு ஆய்வுலகில் நெடிய வரலாறு உண்டு. அவர் அதனை அறியார். 1885ஆம் ஆண்டில் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எத்தனை விரைவில் மறக்கின்றன என்று அளந்து நூலாக வெளியிட்டார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணாக்கரிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாராரைப் பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தனர். மற்றொரு சாராரை ஒரு முறை படித்தபின் அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ மூடிவிட்டு எழுதியவர்கள் முந்தினர். இதில் வேடிக்கை என்னவெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்கள் திரும்பப் படித்தவர்களே ஆவர். மஞ்சள் மைக்கோடுகள் தரும் மனநிறைவு எத்தகையது என்பதை இது காட்டுகிறது.

இரண்டாம் வாரத்தில் பெரியவர் சொற்களை எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் இருந்த நாளிலேயே அவர் ஒரு குறிப்பேட்டில் ஆங்கில மருத்துவச் சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் நேரே தமிழ்ப் பொருளை எழுதி வைத்திருந்தார். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி நீக்குதல். ‘டாக்கி’ விரைவு, ‘பிராடி’ மந்தம். ‘ஊரியா’ என்று முடிந்தால் சிறுநீரின் நிலை. அதன்முன் ‘பாலி’ வந்தால் மிகுதி, ‘ஆலிகோ’ வந்தால் குறைவு, ‘ஹீமட்’ வந்தால் குருதி கலந்தது. இருநூறு துண்டுகளை அறிந்தால் இரண்டாயிரம் சொற்களுக்குத் திறவுகோல் கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆங்கிலம் படித்த மாணாக்கருக்கும் இச்சொற்கள் அந்நியமானவையே. கிரேக்கத்தின் முன் எல்லாரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள் என்பது அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

நோய்ப் பெயரைத் தமிழ் வழியாகப் பிடித்துக்கொள்ளும் இம்முயற்சி தோட்டத்து டிரெசர் ஒருவரின் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அதற்கு நூற்றெழுபது ஆண்டு வரலாறு உண்டு. அது யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் தொடங்குகிறது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஊஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். மருத்துவம் பயின்று, சமய ஊழியராக 1847இல் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போய்விடுகின்றனர் என்பதையும், கிராமத்து நோயாளிக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு சுவர் எழுந்துவிடுகிறது என்பதையும் கண்டார். தாமே தமிழைக் கற்றார். 1864ஆம் ஆண்டில் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார்.

வகுப்புக்குத் தமிழ் நூல் வேண்டுமே! அவரும் அவர்தம் மாணாக்கரும் அமர்ந்து மொழிபெயர்த்தனர். இரண வைத்தியம் 1867இல் வந்தது. கிரே எழுதிய உடற்கூற்று நூல் இலண்டனில் வெளியான ஆண்டு 1858. அதனையும் அதுபோன்ற பிற நூல்களையும் தழுவி அமைந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலேயே தமிழ் மாணாக்கர் கையில் இருந்தது. வேதியியலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’, உடலியங்கியலுக்குச் ‘சுகரணம்’. தமிழ் வைத்திய நூல்களில் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுவார். இல்லையெனில் வடமொழியை நாடுவார். அங்கும் இல்லாதபோதுதான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். மொழிபெயர்ப்புகள் மொத்தம் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டின. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பி 1884இல் மறைந்த அவர், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என விரும்பினார்.

கிறீனின் சமய நோக்கத்தை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. அவருடைய வடமொழிக் கலப்பை இன்றைய தமிழறிஞர் ஒப்பார். ‘சுகரணம்’ என்று இன்று ஒருவரும் சொல்வதில்லை. எனினும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. அயல்மொழியில் பெயரளவில் நின்ற ஒரு பொருள், கற்பவனின் வீட்டுச் சொல்லோடு ஒரு முறை கைகோத்தால் பிறகு எந்த மொழியிலும் அவனை விட்டு நீங்காது. மொழிபெயர்ப்பு வேலையில் மாணாக்கரையே அவர் சேர்த்துக்கொண்டதும் சிறந்த கற்பித்தல் முறையே எனலாம். ஒரு பக்கத்தை மொழிபெயர்க்க வேண்டுமாயின் அதைப் புரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது.

அவர் நாடு திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அவர் அஞ்சியது நடந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தனர். இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியேற்றனர். யாழ்ப்பாணக் கிராமம் இழந்ததை மலாயாவின் மருத்துவமனை பெற்றது. தோட்டத்துக்குத் தம்மை அனுப்பிய முதல் மருத்துவமனையில் தமக்கு ஊசி போடக் கற்பித்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மூத்த டிரெசர் என்று சூலியா தெருப் பெரியவர் சொல்வதுண்டு. சொற்களை வெட்டித் தமிழ் எழுதும் வழக்கம் அவரிடமிருந்து வந்ததா என்று கேட்டால், பெரியவர் நினைவில்லை என்கிறார்.

இன்று பினாங்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவத் துறைப் படிப்புக்கு இடங்கள் பல உள்ளன. 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளி நாட்டிலேயே மூத்தது. அதன் மருத்துவப் பள்ளி 1979இல் தொடங்கிப் பின்னர்க் கிளந்தானுக்கு இடம் மாறியது. ம.இ.கா.வின் கல்வி அமைப்பு நிறுவிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் உள்ளது. பாடத்தை ஒப்பிப்பதற்கு மாறாக, ஒரு நோயாளியின் நிலையை முன்வைத்துச் சிறு குழுவாக ஆராயும் முறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் தொடங்கி உலகெங்கும் பரவியது, மலேசியாவுக்கும் வந்தது. சிறந்த முறைதான். ஆனால் குழுவில் வாய்திறந்து பேசுபவருக்கே அது சிறந்த முறை. பதினோராண்டு வகுப்பறையில் கைகட்டி அமர்ந்து பழகிய பெண், தன் மலாயையும் ஆங்கிலத்தையும் பிறர் நகைப்பரோ என்று அஞ்சும் பெண், அங்கும் கைகட்டியே அமர்ந்திருப்பாள். அவளும் அவ்வாறே இருந்தாள்.

பல்கலைக்கழகங்களில் கல்வி ஆலோசகர் உண்டு. கற்கும் முறையைச் சொல்லித்தரும் வகுப்புகளும் உண்டு. அவற்றுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போகத் தேவையில்லாதவர்களே. தேவையுள்ளவர்கள், போனால் தம் தகுதிக் குறைவு வெளிப்பட்டுவிடும் என்று அறையில் ஒளிகிறார்கள். இது அவள் கதை மட்டுமன்று. அதனால் அறிவிப்புப் பலகையில் ஓர் அழைப்பை ஒட்டிவைப்பதைக் காட்டிலும், முதல் வாரத்திலேயே எல்லாரையும் அழைத்து, எல்லாரிடமும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்பது பயன் தரக்கூடும். தோற்றவருக்கு மருந்தாக வைப்பதால்தான் அவ்வுதவி தோல்வியின் அடையாளமாகத் தோன்றுகிறது.

ஆறு வாரமும் சனிக்கிழமைதோறும் அவள் வந்தாள். சில சனிக்கிழமைகள் வீணாயின. பெரியவரின் அறிவு சிற்சில இடங்களில் பழையதாகிவிட்டிருந்தது. ஒரு நாள் மருந்தின் அளவைக் குறித்து இருவரும் வாதிட்டனர். அவள் புத்தகத்தைக் காட்டியதும் அவர் முகம் வாடியது. மறுவாரம் அவரே அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லித் தம் குறிப்பேட்டில் திருத்திக்கொண்டார். மறுதேர்வில் அவள் தேறினாள். உயர்ந்த மதிப்பெண் அன்று, தேர்ச்சி. தந்தை அன்று மாலை கீழ்க் கடையிலிருந்து ஒரு பொட்டலம் லட்டு வாங்கிவந்து அடுத்த மாடியில் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று திரும்பிவிட்டார்.

இரண்டாம் ஆண்டில் நோயாளிக் கூடத்தில் பயிற்சி. அங்கே ஒரு தமிழ் மூதாட்டி படுத்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. நெஞ்சு வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார்கள். இல்லை என்று தலையசைத்தார். அவ்வளவில் அது முடிந்திருக்கும். மாணவி அருகில் சென்று, “என்ன பாட்டி செய்கிறது?” என்றாள். “படுத்தா மூச்சு முட்டுதும்மா. எழுந்து குந்திக்கிட்டா தேவலாம். ராத்திரியெல்லாம் குந்தித்தான் இருக்கேன்” என்றார் மூதாட்டி. அவள் மனத்தில் பெரியவரின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் விரிந்தது. ‘ஆர்த்தோ’, நிமிர்ந்த; ‘ப்னியா’, மூச்சு. ஆர்த்தாப்னியா. பாடநூலில் கோடிட்டுக் கடந்துபோன சொல் ஒரு கிழவியின் வாயிலிருந்து தமிழில் வந்துகொண்டிருந்தது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் தேங்குவதன் அறிகுறிகளுள் அது ஒன்று. அவள் பொறுப்புத் தாதியிடம் ஓடிச் சென்று, கேட்டதை மலாயில் சொன்னாள். குறிப்பில் ஆங்கிலத்தில் எழுதினாள். கதவில்லாதிருந்த மூன்று அறைகளையும் அன்று ஒரே நடையில் கடந்தாள்.

மலாயில் ‘ஹாத்தி’ என்றால் கல்லீரல். ஆனால் ‘சாக்கிட் ஹாத்தி’ என்று ஒருவர் சொன்னால் கல்லீரல் நோய் அன்று, மனத்தாங்கல். இத்தகைய நுட்பங்களையும் இப்போது அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். தமிழ் நோயாளியின் ‘கிறுகிறுப்பு’ வேறு, ‘மயக்கம்’ வேறு என்பதும் அதில் உண்டு.

சென்ற விடுமுறையின்போது அதே தெருவிலிருந்து ஒரு பையன் பெரியவரின் மாடிக்கு வந்தான். மருந்தியலில் முதலாண்டு. கையில் கனத்த புத்தகம், பக்கமெல்லாம் மஞ்சள். பெரியவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அவளுக்குக் கைகாட்டினார். அவள் புத்தகத்தை வாங்கி மூடி, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.

“நூற்றெண்பது லிட்டர், அக்கா. வெளியே வருவது ஒன்றரை” என்றான் பையன், மூச்சுவிடாமல்.

“மீதி எங்கே போயிற்று, தம்பி?”

பையன் அவளைப் பார்த்தான். பிறகு பெரியவரைப் பார்த்தான். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவின் மணி ஒலித்தது. அவன் வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பென்சிலை எடுத்தான்.